எஞ்சினில் விழுந்த கண்

கற்பிட்டிப் பாதையில் குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டி, முத்தலிபின் தேநீர்க் கடைக்கு எதிரே, வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வாகனங்கள் வரிசை பிடித்து நிற்கும். வரிசை என்றதும் பெற்றோலுக்கோ என்று பயந்துவிட வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது. இது கண்ணெடுக்கும் வரிசை. மனிதனுக்கு விழுந்த கண் என்றால் வீட்டிலேயே செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டு முடித்துவிடலாம். இது எஞ்சினுக்கு விழுந்த கண். இதற்கு மந்திரித்துக் கண்ணெடுக்கும் பரிசாரியார்தான் வேண்டும்.

வாகனத்தின் டாஷ்போர்டில், எஞ்சின் வடிவில், மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. "எஞ்சினைக் கொஞ்சம் பார்" என்று சொல்வதற்காக ஜப்பான்காரன் அதை வைத்தான். பாவம், அவனுக்கு விஷயம் தெரியாது. அது விளக்கே அல்ல, கண். யாரோ ஒரு வயிற்றெரிச்சல்காரன் பார்த்த பார்வை பொனட்டைத் துளைத்து, எஞ்சினைக் கடந்து, டாஷ்போர்டில் வந்து மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் பரிசாரியார். ஜப்பானில் அத்தனை பொறியியலாளர்கள் இருந்தும் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை.

பரிசாரியாருக்கு என்ன பெயர், எந்த ஊர், என்ன மதம் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் அவருடைய மூலதனம். கனமூலையிலிருந்து வான் வந்தால் தலையில் தொப்பி இருக்கும். உடப்பிலிருந்து கார் வந்தால் தொப்பி தோள்பைக்குள் போய், நெற்றிக்குத் திருநீறு வரும். சிலாபத்துப் பக்கத்து வேதக்காரர் வந்தால் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று, உள்ளிருந்து சிலுவை எட்டிப் பார்க்கும். சிங்கள மாத்தயாக்களுக்கு மணிக்கட்டில் வெள்ளை நூல். எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசியும் நாட்டுக்கு வராத ஒற்றுமை, அந்த ஒரு தோள்பைக்குள் வந்து சேர்ந்திருந்தது.

இதெல்லாம் கூடாது என்று பள்ளிவாசலில் மௌலவி குத்பாவிலேயே சொல்லிப் பார்த்தார். மௌலவியிடம் இருப்பது சைக்கிள், அவருக்கு எஞ்சின் கண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

கண்ணெடுக்கும் முறை எளிது. நான்கு ரயருக்கும் நான்கு தேசிக்காய். பொனட்டின் மேல் ஒரு செவ்விளநீர். இரண்டும் முத்தலிபின் கடையில்தான் வாங்க வேண்டும். வேறு கடைத் தேசிக்காய்க்குக் கண் கட்டுப்படாது. சாவியைப் பாதிதான் திருப்ப வேண்டும். முழுதாகத் திருப்பினால் கண் வெகுண்டு பாயும். பிறகு வாகனத்துக்காரர் இறங்கிவிட வேண்டும். பரிசாரியார் கறுப்புத் துணியொன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிவார். அப்போது அங்கே நிற்கும் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடாதவரின் கண்ணும் சேர்ந்து எஞ்சினில் ஏறிவிடும்.

ஆக, ஒரு கண்ணை எடுப்பதற்கு ஊரில் உள்ள எல்லாக் கண்களும் மூடியிருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூடிய கண்ணுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

துணிக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்கும். கொஞ்சம் அரபு மாதிரி, கொஞ்சம் தேவாரம் மாதிரி, கொஞ்சம் பிக்குமாரின் பிரித் மாதிரி, மொத்தத்தில் எதுவும் இல்லாத மாதிரி. பிறகு, "கண்ணைத் திறவுங்கள், ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்பார். எஞ்சின் இயங்கும். மஞ்சள் விளக்கு எரியாது. கூட்டம் பெருமூச்சு விடும். இளநீர்க் கோம்பைகளைத் தின்ன வீதிக் கழுதைகள் வந்து நிற்கும். பரிசாரியாரையும் முத்தலிபையும் விட்டால், அந்த இடத்திலிருந்து லாபத்தோடு திரும்பியவை அந்தக் கழுதைகள்தான்.

சில நாட்களில் விளக்கு மறுபடி எரியும். அதற்குப் பெயர் மறுகண். அதற்கும் மருந்து அங்கேதான்.

இந்தக் கூட்டத்தை வியாழன்தோறும் தன் வானில் கடந்து போகிறவள் மர்ஷூதா. அந்தப் பக்கத்தில் ஸ்கூல் வான் ஓட்டும் ஒரே பெண். பிள்ளைகளை இறக்கிவிட்டு, பாடசாலை விடும்வரை ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்து வாசித்துக்கொண்டிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் பாதி வெற்றிலை போட்டுவிடலாம். இது பெருமை என்று ஒரு கட்சி, பயம் என்று இன்னொரு கட்சி. அவள் யோசித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைக்க மூன்றாவது கட்சி ஒன்று ஊரில் அமையவில்லை.

ஆனால் மர்ஷூதாவும் ஒரு விஷயத்தில் ஊரோடு ஒத்தவள்தான். பெற்றோல் இல்லாத அந்த வருஷத்தில் விடிய விடிய வரிசையில் நின்ற பிறகு, இந்தக் கரையில் யாருக்கும் டாங்கி "போதும்" என்று சொல்வது காதில் விழுவதில்லை. பம்ப் தானாக நிற்கும். அது பம்பின் சொந்த அபிப்பிராயம். வாகனத்துக்காரர் இறங்கி, வாகனத்தின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவார். நுரை அடங்கும். இன்னும் கொஞ்சம் அடிக்கலாம். மறுபடி உலுக்கல். கழுத்து வரைக்கும் வந்து வெளியே எட்டிப் பார்த்தால்தான் மனம் ஆறும். மர்ஷூதாவும் அப்படித்தான் உலுக்கினாள். மறுநாள் காலை, நடுவழியில், மஞ்சள் விளக்கு எரிந்தது.

முன் சீட்டில் இருந்த பிள்ளை அதைப் பார்த்தது. பிள்ளை பார்த்தால் உம்மா பார்த்த மாதிரி. உம்மா பார்த்தால் தாய்மாரின் வாட்ஸ்அப் குழு பார்த்த மாதிரி. அந்தக் குழுவின் தலைவி ரிஃப்கா. பின்னேரம் பிள்ளைகளை வீட்டில் இறக்கும்போது கேட்டடியில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மர்ஷூதா ராத்தா, ஒங்கட வானுக்குக் கண் பட்டிரிக்காமே?"

"லைட் எரியுது."

"அதத்தான் நானும் சொல்றேன். ஊர்ல ஒத்தப் பொம்புள வான் ஓட்டினா எத்தன கண்ணு விழும்? ஞாயித்துக்கெழம பரிசாரியார்ட்ட கொண்டு போங்க."

மர்ஷூதா பிள்ளையின் புத்தகப் பையை எடுத்துக் கொடுத்தாள்.

"என்ன ராத்தா, வாயத் தொறங்களேன். இப்பிடியே பிள்ளைகள ஏத்த ஏலா. குரூப்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. கண்ணெடுத்து, பரிசாரியார் ஸ்டியரிங்ல நூல் கட்டின வான்லதான் ஏத்துவோம். இல்லாட்டி ஜெமீல் நானாட வான். அவர் போன மாசமே கட்டிட்டார்."

"ஜெமீல் நானாட வான்ல பிரேக் நல்லா இரிக்கா?"

"அது தெரியாது. நூல் இரிக்கி."

பிள்ளைகள் ஏறாத ஸ்கூல் வான் வெறும் இரும்பு. மர்ஷூதாவுக்கு வேறு தொழிலும் இல்லை, வேறு வாகனமும் இல்லை. அவள் வானைத் திருப்பிக்கொண்டு நேராகப் புத்தளத்துக்குப் போனாள்.

அங்கே கராஜ் வைத்திருந்த உமாசுதன், கையடக்கமான ஒரு கருவியின் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கோ குத்தினான். திரையைப் பார்த்தான். சிரித்தான்.

"அக்கா, கழுத்து மட்டும் அடிச்சியளா?"

மர்ஷூதாவுக்கு வெட்கமாக இருந்தது. "ஓம்."

"பெற்றோல் டாங்கியில இருந்து ஆவி வரும். அது காத்தில கலக்காமல் பிடிச்சு வைக்க ஒரு கரிப்பெட்டி இருக்கு. ஆவியை மட்டும்தான் அது குடிக்கும். நீங்கள் உலுக்கி உலுக்கிப் பெற்றோலையே பருக்கிப் போட்டியள். கரி நனைஞ்சு போச்சு. அதான் விளக்கு. மூடியைக் 'க்ளிக்' எண்ட மட்டும் திருகாட்டியும் ஆவி போய் இதே விளக்குத்தான் எரியும்."

"ஓடலாமா?"

"விளக்கு மின்னி மின்னி எரிஞ்சால் அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ. இப்பிடி அசையாமல் எரிஞ்சால் ஓடலாம். புதுப் பெட்டி கொழும்பில இருந்து வரோணும், வந்தோடனே மாத்துவம். வேணுமெண்டால் இப்ப விளக்கை மட்டும் அழிச்சு விடவோ? இந்தப் பட்டனை அமத்தினால் போயிடும். ஆனால் கரி நனைஞ்சபடிதான் கிடக்கும். நாலு நாள் ஓடினால் திரும்பவும் வரும்."

மர்ஷூதா வெகு நேரம் அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எங்க குத்தினீங்க, காட்டுங்க" என்றாள். உமாசுதன் காட்டினான். ஸ்டியரிங்குக்குக் கீழே, இருட்டுக்குள், பல் விழுந்த வாய் போல ஒரு துளை. குனிந்தால்தான் தெரியும்.

"அழிக்க வேணாம்" என்றாள். "அப்பிடியே எரியட்டும்."

திரும்பி வரும் வழியில் உப்பளங்கள் வெள்ளையாக ஓடின. அவள் யோசித்துக்கொண்டே ஓட்டினாள். கண்ணெடுக்கும் வரிசையில் டீசல் லொறி ஒன்றாவது நின்று அவள் கண்டதில்லை. கண்ணுக்கு டீசல் மணம் பிடிக்காதோ? நாற்பது வருஷத்துப் பழைய கார் ஒன்றும் நின்றதில்லை. கண்ணுக்கு வயது வித்தியாசம் தெரியுமோ? பெற்றோல் குடிக்கும் புது வாகனங்களைத் தேடிப் பிடித்து, அதுவும் டாங்கி நிரப்பிய கையோடு விழுகிற கண் இது. இவ்வளவு தொழில்நுட்பம் தெரிந்த கண்ணைப் பொறியியல் பீடத்தில் அல்லவா சேர்த்திருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையில் மர்ஷூதாவின் வானும் நின்றது. பக்கத்துச் சீட்டில் ரிஃப்கா, குழுவின் சாட்சியாக. பின்னால் உடப்புக் கனகசுந்தரத்தின் கார். டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குகிறவர். ஏற்கெனவே மூன்று முறை கண் எடுத்தவர்.

"தங்கச்சி, முதல்தரமோ?" என்று கனகசுந்தரம் ஜன்னலருகே வந்து கேட்டார்.

"ஓம் அண்ணே. ஒங்களுக்கு?"

"நாலாந்தரம். என்ர காரில சரியான கண். பரிசாரியார் சொல்லுறார், ஒவ்வொரு தரமும் வேற வேற ஆக்களாம்."

"ஒவ்வொரு தரமும் எவ்வளவு பெற்றோல் அடிப்பீங்க?"

"என்ன கேள்வி? கழுத்து மட்டும்தான்."

மர்ஷூதா தலையாட்டினாள்.

அவளுடைய முறை வந்தது. ரிஃப்காவின் முக்காட்டைக் கண்டதும் பரிசாரியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நான்கு தேசிக்காய் நான்கு ரயருக்கும் போயின. செவ்விளநீர் பொனட்டில் ஏறியது. சாவி பாதி திரும்பியது.

"எல்லோரும் கண்ணை மூடுங்கள்!"

மூடினார்கள். முத்தலிபு சில்லறையைக் கையில் வைத்தபடி மூடினான். ரிஃப்கா இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மர்ஷூதா மட்டும் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு, திறந்த கண்ணோடு நின்றாள். துணிக்குள் இருந்தவருக்கு அது தெரியாது. எல்லாரையும் மறைக்கும் துணி அவரையும் மறைக்கும் அல்லவா?

முணுமுணுப்புத் தொடங்கியது. வழக்கமாக அது சீக்கிரம் முடியும். இன்று முடியவில்லை. துணி ஒருமுறை அசைந்தது. மறுபடி அசைந்தது. அரபு மாதிரி இருந்தது தேவாரம் மாதிரி ஆனது. தேவாரம் மாதிரி இருந்தது கடைசியில் சிங்களத்தில் ஒரு நல்ல வசவு மாதிரியே கேட்டது. கண்ணை மூடி நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஒரு கழுதை காத்திருந்து அலுத்து, பொனட்டின் மேலிருந்த இளநீரை மோந்து பார்த்தது.

பரிசாரியார் வெளியே வந்தார். முகம் முழுக்க வியர்வை. வலது கை விரல்களில் பச்சையாக, பிசுபிசுப்பாக என்னவோ அப்பியிருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்துத் திகைத்தார். ஒரே ஒரு கணம்தான். கையை உயரத் தூக்கிக் கத்தினார்:

"பாருங்கள்! இதுவரை யாரும் கண்டிராத கண்! அதன் சதையையே பிய்த்து எடுத்துவிட்டேன்!"

கூட்டம் கண்ணைத் திறந்து, பார்த்து, இரண்டு அடி பின்னால் போனது.

"யா அல்லாஹ், பச்ச நெறம்!" என்றாள் ரிஃப்கா.

"இன்னும் துடிக்கிது பாருங்க" என்றான் முத்தலிபு. அவனுக்குத் துடிப்பதும் தெரிந்தது.

மர்ஷூதா வானுக்குள் கையை விட்டு, ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினாள். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் நிறக்களி.

"பச்சச் சதைட மிச்சம் இந்தா இரிக்கி. செவப்புச் சதையும் இரிக்கி. ஊதாச் சதையில பிள்ளைகள் ஒரு ஆன செஞ்சி வெச்சிரிக்காங்க, அதையும் பாக்கிறீங்களா?"

யாரோ ஒருவன் சிரித்துவிட்டு, உடனே பயந்து வாயை மூடிக்கொண்டான்.

"ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு ஓட்ட இரிக்கி. கராஜ்ல மிஷின் குத்துற ஓட்ட. காலைல நான்தான் களியால அடைச்சேன்" என்றாள் மர்ஷூதா. "கண்ணு பொனட்டால வந்திச்சின்னு சொன்னீங்க. அப்ப அந்த ஓட்டைக்குள்ள ஒங்கட கைக்கு என்ன வேல?"

பரிசாரியார் முதுகை நிமிர்த்தினார். "நம்பிக்கை இல்லாதவளின் வாகனத்தில் என் சக்தி நிற்காது! இந்த வானை அப்புறப்படுத்துங்கள். அடுத்தது!"

அடுத்தது கனகசுந்தரம். மர்ஷூதா அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு நம்பிக்க இரிக்கிதானே. நீங்க காருக்குள்ளயே இருங்க. சாவியப் பாதி திருப்பிட்டு கதவப் பூட்டுங்க. பரிசாரியார் வெளிய நிண்டு ஓதட்டும். கண்ணும் வெளிய இருந்துதானே வந்திச்சி."

கனகசுந்தரம் தாடையைச் சொறிந்தார். "கேட்கிறதில பிழை இல்லைத்தானே, ஐயா? மூண்டு தரம் கண்ணை மூடினனான். ஒருதரம் திறந்துகொண்டு இருக்கிறனே."

"ஆகாது! முறை தவறும்!"

"தவறினால் என்ர கார்தானே ஐயா. ஓதுங்கோ."

கூட்டத்துக்கும் வேடிக்கை பிடித்துவிட்டது. "ஓதுங்க பரிசாரியாரே!" என்று ஒரு குரல். "சத்தமா ஓதுங்க!" என்று இன்னொன்று. வேறு வழியில்லை. பரிசாரியார் ஓதினார். காரைச் சுற்றிவந்து ஓதினார். பொனட்டில் தட்டி ஓதினார். கனகசுந்தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். மஞ்சள் கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கனகசுந்தரம் மெல்ல இறங்கினார். "ஐயா, அந்தத் துணியை ஒருக்கால் தாங்கோ."

பரிசாரியார் பின்வாங்கினார். கனகசுந்தரம் துணியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். உள்ளே தைத்திருந்த பையிலிருந்து வயரோடு ஒரு கருவி சறுக்கி மணலில் விழுந்தது. அதன் வாய் நிறையப் பச்சைக் களி.

கனகசுந்தரம் குனிந்து அதை எடுத்தார். ஈர்க்கில் ஒன்றால் களியை நோண்டி எடுத்துவிட்டு, காருக்குள் மண்டியிட்டுத் துளையைத் தேடிக் குத்தினார். "இனி என்ன, தங்கச்சி?"

"சாவியப் பாதி திருப்பிட்டு அந்தப் பட்டன அமத்துங்க."

அமத்தினார். ஸ்டார்ட் பண்ணினார். மஞ்சள் விளக்கு போய்விட்டது. தேசிக்காய் இல்லை, இளநீர் இல்லை, ஒருவரும் கண்ணை மூடவில்லை.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவன் பரவசமாகக் கத்தினான்: "கனகசுந்தரம் அண்ணனுக்கும் சக்தி வந்திட்டு!"

இதை நான் சிரிப்புக்காகச் சேர்க்கவில்லை. உண்மையிலேயே இரண்டு கார்கள் வரிசையை விட்டு அவர் பக்கம் திரும்பின.

"சக்தியும் இல்லை, சவமும் இல்லையடா!" என்று கனகசுந்தரம் கத்தினார். "இது பட்டன்!"

"எப்படியோ, நான் எடுத்தேனா இல்லையா?" பரிசாரியார் கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். "பட்டனோ மந்திரமோ, உங்கள் விளக்குப் போனதா இல்லையா?"

நல்ல கேள்விதான். சிலர் தலையாட்டவும் செய்தார்கள். மர்ஷூதா வழக்கம்போல உடனே பதில் சொல்லவில்லை. இந்த முறை கூட்டம் காத்திருந்தது.

"வெளக்குத்தான் போச்சி, பழுது போகல்ல. வாப்பாக்குக் காய்ச்சல்ன்னு சொல்ல ஓடி வாற பிள்ளைட வாயப் பொத்திட்டு, 'வாப்பாக்குச் சொகம்'ன்னு சொல்லிச் சல்லி வாங்குற மாதிரி இரிக்கி ஒங்கட வைத்தியம்." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "டாங்கில ஆவி பிடிக்கிற கரிப்பெட்டி ஒண்டு இரிக்கி. நாம கழுத்து மட்டும் அடிச்சி, உலுக்கி உலுக்கி, அத நனைச்சிப் போட்டோம். நானும்தான் செஞ்சேன். இதுல கண்ணும் இல்ல, காதும் இல்ல. பம்ப் நிண்டா கைய எடுங்க. மூடிய 'க்ளிக்'ன்னு சத்தம் வாற வரைக்கும் திருகுங்க."

கூட்டம் அவளை ஏமாற்றத்தோடு பார்த்தது. தன் வாகனத்தின் மேல் ஊரே பொறாமைப்படுகிறது என்று நினைத்திருந்தவனிடம், நீ பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிவிட்டாய் என்றால் வருத்தம் இராதா? அந்த வருத்தம் கோபமாகி, தேசிக்காயாகி, பரிசாரியாரை நோக்கிப் பறந்தது. அவர் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு பாலாவிப் பக்கம் மறைந்தார். முத்தலிபு கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மிச்சத் தேசிக்காயை எல்லாம் பிழிந்து, சீனி போட்டு, "தேசிக்காய்த் தண்ணி! குளிரக் குளிர!" என்று கூவத் தொடங்கினான். வியாபாரிக்கு எந்த மதமும் தடையில்லை, பகுத்தறிவு உட்பட.

திரும்பும்போது ரிஃப்கா வானில் வாயே திறக்கவில்லை. மர்ஷூதாவுக்கு அது புது அனுபவம்.

மறுநாள் காலை மர்ஷூதா வழக்கமான நேரத்துக்கே வானை எடுத்தாள். முதல் வீடு ரிஃப்காவின் வீடு. அங்கே பிள்ளைகள் ஏறாவிட்டால் அடுத்த வீடுகளுக்குப் போவதில் அர்த்தமில்லை. கேட்டடியில் நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல் இருந்தாள். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஜெமீலின் வான் நூலோடு கடந்து போனது. கொஞ்சம் வேகம் குறைந்தது. கேட் திறக்கவில்லை. போய்விட்டது.

கேட் திறந்தது. ரிஃப்கா இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"வெளக்கு இன்னும் எரியிதே, ராத்தா?"

"ஓம். பெட்டி வந்து மாத்துற வரைக்கும் எரியும்."

"ஒங்களுக்குப் பயமில்லியா?"

"மின்னினா பயப்படுவேன். மின்னினா ஒங்கட பிள்ளையையும் ஏத்த மாட்டேன், என்ட பிள்ளையையும் ஏத்த மாட்டேன். இப்ப மின்னல்ல."

ரிஃப்கா கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மின்னுகிறதா என்று அவளே பார்த்தாள். பிறகு பிள்ளைகளை அங்கேயே நிறுத்திவிட்டு வானைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். பெற்றோல் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. க்ளிக். இன்னொரு தரம். க்ளிக். திரும்பி வந்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அதற்குள் அவள் கை போனில் குழுவைத் திறந்திருந்தது.

இயந்திரத்தில் ஒரு கரித்துண்டு நனைந்தால்கூட அது விளக்கைக் கொளுத்தி, "என்னைக் கொஞ்சம் பார்" என்று கெஞ்சுகிறது. மனிதனின் மூளை வருஷக்கணக்காக நின்றுபோய்க் கிடந்தாலும் எந்த விளக்கும் எரிவதில்லை. ஆகவே, அடுத்த முறை யாராவது உங்களைக் கண்ணை மூடச் சொன்னால், ஐயா, அம்மா, முதலில் அவருடைய கை எங்கே போகிறது என்று பாருங்கள்.